பதினாறு நட்டும் ஒரு மீசையும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஸ்பேனர் சார் தொட்டு உருப்பட்ட பொருள் ஒன்றுகூடக் கிடையாது. இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் மட்டும் சொல்லவில்லை. எங்கள் அலுவலகச் சுவர்க் கடிகாரம் அவர் கை பட்ட நாளிலிருந்து பின்பக்கமாக ஓடியது. மின்விசிறியைச் சரிசெய்தார், அதன்பின் ஸ்விட்சைப் போட்டால் பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது. என் வீட்டு மிக்சியில் ஏதோ சத்தம் வருகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்து பிரித்தார். அன்றோடு சத்தம் நின்றது, மிக்சியும் நின்றது. புது மிக்சி வாங்கும்வரை என் மனைவி என்னிடம் ஒழுங்காகப் பேசவில்லை.

அவருக்கென்று ஒரு நல்ல பெயர் சர்வீஸ் புத்தகத்தில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் ஒரு சின்ன ஸ்பேனர் வைத்திருப்பார். பேனாவுக்கு எங்களிடம் கை நீட்டுவார். அவரும் நானும் திண்டிவனத்துக்காரர்கள். தினமும் ஒரே ரயிலில் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வந்தோம். உட்கார்ந்த சீட்டின் திருகாணிகளை மயிலம் வருவதற்குள் கழற்றி, விக்கிரவாண்டிக்குள் மாட்டிவிடுவார். எப்போதும் ஒன்று மிஞ்சும்.

அவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது, திண்டிவனத்தில் ஒரு பாயின் பழைய சாமான் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். புதுச்சேரியில் இடித்த வீடுகளின் கதவு, அலமாரி, கண்ணாடியெல்லாம் அங்கேதான் வந்து ஒதுங்கும். ஓர் ஆணியில் விநோதமாக ஒன்று தொங்கியது. கீழே சின்னப் பறை மாதிரி வட்டம், அதில் கிழிந்த தோல். மேலே குட்டி கிதாரின் கழுத்து. நரம்பு ஒன்றுகூட இல்லை.

“இது இன்னா பாய், மேளமா, கிதாரா?”

“உங்களுக்கு எது வோணுமோ, அதுவா வெச்சுக்குங்க சார்.”

ஸ்பேனர் சார் போனில் தேடி அதன் பெயரைக் கண்டுபிடித்தார்: பாஞ்சோ யுகுலேலே. வெளிநாட்டுக்காரர்களின் தாத்தா காலத்து வாத்தியமாம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஸ்டேஷன் போய்விடும் என்பதால் அலுவலகத்தில் அதற்குச் ‘சட்டி கிதார்’ என்று பெயர் வைத்தோம். அவர் அதில் மயங்கியது இசைக்காக என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். தோலை இழுத்துப் பிடிக்க வட்டத்தைச் சுற்றிப் பதினாறு நட்டு இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

விலை பேசி வாங்கிவிட்டார். மறுநாள் அலுவலகத்தில் அறிவித்தார். “என் ஃபேர்வெல் அன்னிக்கு இத நானே ரெடி பண்ணி வாசிக்கப் போறேன்.”

“நீங்க வாசிச்சா நான் மீசைய எடுத்துடறேன் சார்,” என்றேன். கல்லூரிக் காலத்திலிருந்து வளர்த்த மீசை. ஆனாலும் துளிகூடப் பயமில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

“முப்பத்திரண்டு வருஷமா ஸ்பேனரு ஸ்பேனருன்னு சிரிச்சிக்கினு இருக்கீங்க. போறதுக்குள்ள ஒண்ணே ஒண்ண சரி பண்ணிக் காட்டறேன். முடியலன்னா இத உன் டேபிள்லயே வெச்சிட்டுப் போயிடறேன் தம்பி. அப்பால வீட்ல ஒரு திருகாணியக்கூட தொட மாட்டேன்.”

ஸ்பேனரை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு நொடி என்னவோ போல இருந்தது. உடனே மிக்சி ஞாபகம் வந்தது, சரியாகிவிட்டது.

வேலை ஆரம்பமானது. முதலில் களிம்பேறிய பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். தங்கம் மாதிரி மின்னியது. அதில் பொறித்திருந்த கம்பெனிப் பெயரும் புளியோடு போய்விட்டது. பிறகு எங்கோ தோல் வாங்கி மாட்டி, பதினாறு நட்டையும் முறுக்கினார். அதோடு விட்டாரா? டீ குடித்தால் ஒரு முறுக்கு, கையெழுத்துப் போட்டால் ஒரு முறுக்கு. “இன்னும் அரை சுத்து தாங்கும் தம்பி” என்று ரயிலிலும் முறுக்கினார். பேரணி ஸ்டேஷன் தாண்டும்போது பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். எதிர் சீட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மா மடியில் இருந்த வேர்க்கடலையையெல்லாம் கொட்டிவிட்டு எழுந்துவிட்டார். தோல் இரண்டாகக் கிழிந்து கிடந்தது.

அடுத்த அமாவாசைக்கு, “சாமி கும்பிட்டு வரலாம் வா” என்று மேல்மலையனூருக்குக் கூட்டிப்போனார். அந்த நெரிசலில் அம்மனை ஒரு நிமிடம் பார்த்தோம். பறையடிக்கும் ஓர் அண்ணனை மூன்று மணி நேரம் பார்த்தோம். அந்த அண்ணன் எங்கள் சட்டி கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இன்னா சார் இது, பறை குட்டி போட்டா மாதிரி கீது?” என்றார். ஆனால் வேலை தெரிந்த கை. ஒரு வாரம் கழித்துப் போனபோது அளவாகத் தோல் கட்டிக் கொடுத்தார்.

“நட்ட போட்டு முறுக்காதீங்க சார். மழைக்காலத்துல தோலு தொளதொளன்னு ஆயிடும். வாசிக்கறதுக்கு முன்னாடி நெருப்புல காட்டுங்க, தானா விறைச்சிக்கும்.”

ஸ்பேனர் சார் இதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். என்னிடம் வாங்கிய பேனாவில்.

நரம்புக்கு மரக்காணம் போய் மீன் பிடிக்கும் நைலான் தூண்டில் நரம்பு வாங்கிவந்தார். நான்கு நரம்புகளையும் தாங்க, மரச்சீப்பை உடைத்து ஒரு துண்டு நிறுத்தினார். ஒருநாள் ரயிலில் மெதுவாக மீட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், இனிமையாகத்தான் இருந்தது.

“இன்னா தம்பி, மீசைய தடவிக்கினு கீறே?” என்றார்.

பிரிவு உபசார நாளன்று அடைமழை. மாலை, சால்வை, அவரைப் பற்றித் துணிந்து சொல்லப்பட்ட நல்ல வார்த்தைகள் எல்லாம் முடிந்தன. வாத்தியத்தை எடுத்து மீட்டினார். ‘டொப்’ என்றது. ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது. உள்ளங்கையைப் பார்த்தார். எழுத்து என்றோ அழிந்திருந்தாலும் பாடம் அழியவில்லை. மாலையோடு பின்கட்டுக்கு ஓடினார். அங்கே எங்களுக்காகப் போண்டா போட்டுக்கொண்டிருந்த அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கச் சொல்லி, வாத்தியத்தைத் தீயில் காட்டினார்.

“இன்னா அது நாத்தம், போண்டா தீயுதா?” என்று சூப்பிரண்டு மேடம் கேட்டார்.

தோல் ஜம்மென்று விறைத்துக்கொண்டது. அண்ணன் சொன்ன வைத்தியத்தில் ஒரு குற்றமும் இல்லை. பறைக்குத் தூண்டில் நரம்பு கிடையாது என்பதைத்தான் ஸ்பேனர் சார் யோசிக்கவில்லை. நான்கில் மூன்று உருகிச் சுருண்டு போயிருந்தன.

ஒற்றை நரம்போடு திரும்பி வந்து நின்றார். மீட்டினார். ‘டங்’ என்றது. மறுபடி ‘டங்’. நான்கைந்து முறை அதே ‘டங்’. பாட்டு என்று சொன்னால் பாட்டு கோபித்துக்கொள்ளும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“பந்தயம் கட்டுனவரு நீங்கதானே?” என்று மேடம் என் பக்கம் திரும்பினார். “இது வாசிப்பா, இல்லியா? நீங்களே சொல்லுங்க.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கை சட்டைப்பைக்குப் போய் ஸ்பேனரை எடுத்துவிட்டது. அந்த ஸ்பேனர் என் மேஜையில் கிடக்க, எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வேலை செய்வது? என்னால் முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

“வாசிச்சாரு மேடம். நல்லாவே கேட்டுச்சு.”

“ஒத்த நரம்புலயா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“எத்தினி நரம்புன்னு பந்தயத்துல பேசலியே,” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த சலூனுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்து அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஸ்பேனர் பைக்குள் போயிருந்தது. “ஜல்தி வளந்துடும் தம்பி,” என்று தோளில் தட்டினார். வீட்டில் கதவைத் திறந்த என் மனைவி, “யாருங்க வோணும்?” என்று கேட்டாள்.

மீசை வளர்ந்துவிட்டது. திண்டிவனத்தில் அக்கம்பக்கத்தார் புத்திசாலிகள். யாரும் அவரிடம் எதையும் ரிப்பேருக்குத் தருவதில்லை. நேற்று போன் செய்து, “கை சும்மாவே கீது தம்பி. பேஜாரா கீது” என்றார்.

எங்கள் புது மிக்சி அருமையாக ஓடுகிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை அவரிடம் ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.