பனாமாக்காரிக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தேன்

வெளிநாட்டில் குடியேறுவது எப்படி என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு தடவைகூட விமானம் ஏறாதவனிடம் மட்டும் கேட்காதீர்கள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

எனக்குத் தெரிந்திருந்தது. ரங்கூன் தாகேதாவில் பிறந்து, அங்கேயே ஐம்பது வயதைத் தொட்டவன் நான். என் கடல் பயணம் எல்லாம் சேர்த்து, ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போய் வந்ததுதான். (அந்தப் படகிலும் எனக்குத் தலை சுற்றும்.) அப்படிப்பட்ட நான், பனாமாவில் வாடகைக்கு வீடு பிடிப்பது எப்படி என்று பதினோரு பேரை உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். அந்த வகுப்பு கடைசியில் என் வீட்டை என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பு, ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த சமயம், எங்கள் வார்டில் யாரைப் பார்த்தாலும் "எப்ப கிளம்புறீங்க?" என்பதுதான் வணக்கம். பாஸ்போர்ட் வரிசையில் நின்றவர்கள் அங்கேயே சம்பந்தம் பேசி முடித்தார்கள். வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. என் மகள் நிலாருக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்லூரி பாதியில் நின்றுபோய், வீட்டில் ஜன்னலோரம் போனோடு உட்கார்ந்திருப்பாள். வாசலில் வண்டி ஏதாவது நின்றால் என் மனைவி சாந்தி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவளைத்தான் முதலில் பார்ப்பாள்.

சாந்தியின் அண்ணன் மோகன் கப்பலில் எண்ணெய் போடும் வேலைக்குப் போனவர். பல வருடம் சுற்றிவிட்டுப் பனாமாவில் இறங்கி, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். நான் போட்டாதாங் துறைமுகத்துப் பக்கம் அதே மாதிரி ஒரு ஆபீசில் இருபத்தாறு வருடமாகச் சரக்குக் காகிதம் எழுதுகிறவன். ஒருநாள் மோகனிடமிருந்து போன் வந்தது.

"மாப்ளே, எங்க ஆபீஸ்ல காகித வேலைக்கு ஆள் வேணுமாம். உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன். மேலாளர் அம்மா ரோசா வீடியோவுல ரெண்டு வார்த்தை பேசுவாங்க. பேருக்குத்தான். முடிஞ்சா மூணு பேரும் வந்துரலாம்."

"பாஷை?"

"ஆபீஸ் முழுக்க இங்கிலீஷ்தான். உனக்குத் தெரிஞ்சதே போதும். வேற எதுவும் இழுத்து வச்சுக்காதே."

என்னை அவருக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும். அதனால்தான் அந்தக் கடைசி வரி.

நான் இழுத்து வைத்துக்கொண்டேன். வெளிநாட்டார் பனாமாவில் குடியேறுவதற்கான கையேடு ஒன்றை இணையத்தில் பிடித்து, நாற்பது பக்கத்தையும் அச்செடுத்து, ஓரத்தில் தைத்து வைத்தேன். குளிர்நாட்டில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்களுக்காக எழுதியது அது. சாப்பிட்டு முடித்ததும் அதைச் சாந்திக்கும் நிலாருக்கும் மொழிபெயர்த்து வாசிப்பேன்.

"'அங்கே மின்சாரம் சில நேரம் நின்றுபோகலாம். மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.'"

வாசிக்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்தது. நிலார் சிரித்தாள். (அவள் சிரித்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.) வெயில் அதிகம், மழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும், குழாய்த் தண்ணீரைப் பார்த்துக் குடிக்கவும், ஒரு கையெழுத்துக்கு நாலு தடவை ஆபீசுக்கு நடக்கவேண்டியிருக்கும், கோபப்படாமல் இருக்கப் பழகவும் என்றெல்லாம் அந்தப் புத்தகம் பயமுறுத்திக்கொண்டே போனது. டிக்கெட் வாங்காமலே நாங்கள் அங்கே பாதி குடியேறியிருந்தோம்.

இதை நான் கோயில் வாசலில் இரண்டு பேரிடம் சொன்னேன். அடுத்த வாரம் ஐந்து பேர் கேட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு கோயில் கூடத்தில் பதினோரு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் பனாமாவில் வேலை இல்லை, விசா இல்லை. இரண்டு பேருக்குப் பாஸ்போர்ட்கூட இல்லை. ஆனால் போவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரம் போனமாதிரி இருந்தது அவர்களுக்கு. எனக்கு அதைவிட நன்றாக இருந்தது. முன்பு அதே கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பர்மிய மொழிக்குப் போய்விட்டதால் கையில் சாக்பீஸ் இல்லாமல் வாடிக்கிடந்தேன்.

"போனதும் வீடு வாங்காதீங்க. ஆறு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். தாகேதாவில் ஒற்றை அறையில் ஆறு பேராக இருக்கிற, தையல் வேலை செய்யும் டாவ் மாலாவும் எழுதிக்கொண்டார். (டாவ் என்பது பெரியம்மா மாதிரி ஒரு பர்மிய மரியாதை.)

"பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, போலீஸ் சான்று எல்லாத்துக்கும் முத்திரை குத்தி, மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்புக்கும் முத்திரை வாங்கணும்" என்றேன்.

"போலீசுக்கு யார் தம்பி போறது?" என்றார் டாவ் மாலா. அடுத்த அறிவுரைக்குப் போனேன்.

அடுத்த அறிவுரை பாஷை. 'உள்ளூர் மொழியைக் கற்றுக்கொண்டு வருகிறவரை அந்த மக்கள் உறவினராகவே நடத்துவார்கள்' என்று கையேடு சொன்னது. உடனே போன் கடைக்குப் போய், ஸ்பானிஷ் பாடம் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு சின்ன மெமரி கார்டில் அறுபது பாடங்களை ஏற்றிக்கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் கிடையாது, வெறும் எண். முதல் பாடத்திலேயே பேசுகிற பெண் 'போர்த்துகேஸ்' என்று பத்து முறை சொன்னாள். பாடத்தைத் தயாரித்தவர் பெயர் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான்கு மாதம் காதில் மாட்டிக்கொண்டு நடந்தேன். காலை வணக்கத்துக்கு 'போம் தியா', நன்றிக்கு 'ஒப்ரிகாடு' என்று எல்லாம் மனப்பாடம். வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தேன். பதினோரு பேரும் கைகூப்பி 'ஒப்ரிகாடு' என்பார்கள்.

நிலார் ஒருநாள் கேட்டாள். "அப்பா, படத்துல எல்லாம் நன்றிக்கு 'கிராசியாஸ்'னுதான சொல்றாங்க?"

"அது பேச்சு வழக்கு. நான் படிக்கிறது இலக்கணம்."

"மஹொத்பூ அப்பா." (இல்லை என்று மறுக்க அவளுக்குத் தமிழ் வாயில் வராது.) "அது வேற பாஷை. நான் போன்ல படிக்கிறேன்ல, அதுல அப்படி இல்ல."

"வீட்ல நாம பேசுற தமிழும் புத்தகத் தமிழும் ஒண்ணாவா இருக்கு? பெரியவங்க சொன்னா கேக்கணும்."

அவள் ஜன்னலோரம் திரும்பிப் போய்விட்டாள். அவளும் நான்கு மாதமாகத் தானே படித்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் ஒரு தகவலாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பேட்டி எங்கள் நேரத்துக்குக் காலை ஆறு மணி. அங்கே மாலை ஆறரை. என் ஆபீசில் அதற்கு முந்தின வாரமே பிரிவுபசாரம் நடத்தி, நீலநிறப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். (அவசரப்பட்டது அவர்கள் இல்லை. நான்தான் தேதி சொன்னேன்.) இதெல்லாம் போதாதென்று, பேட்டி எப்படி நடக்கிறது என்பதை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று பதினோரு பேரையும் வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தேன்.

ஐந்தரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். சாந்தி எல்லாருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணன் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? இங்கிலீஷ்ல பேசுங்க. போதும்."

"எனக்குத் தெரியும்."

ஆறு மணிக்குச் சரியாக மின்சாரம் வந்தது. தெரு முழுக்க "மீ லா பீ" (கரண்ட் வந்துருச்சு) என்று வழக்கம்போலச் சத்தம் எழுந்தது. டாவ் மாலா அதை நல்ல சகுனம் என்றார். எனக்கு மேலே வெள்ளைச் சட்டை, கோட்டு. மேசைக்குக் கீழே லுங்கி. திரையில் ரோசா அம்மா வந்தார். நரைத்த முடி, சிரித்த முகம். பின்னால் மோகன் கைகட்டி நின்றார்.

"போம் தியா, செஞ்ஞோரா" என்றேன். பின்னால் பதினோரு பேரும் "போம் தியா" என்றார்கள்.

ரோசா அம்மா தலையைச் சாய்த்தார். ஜன்னலுக்கு வெளியே இருட்டுவதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில், நான் பிரேசிலில் இருந்திருக்கிறேனா என்று கேட்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் மனம் குளிர்ந்து தன் பாஷையிலேயே மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பின்னால் பதினோரு பேர் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ பேர் அப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக வாழ்கிறார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அம்மா, நீங்கள் பேசுவது கொச்சையாக இருக்கிறது. தயவுசெய்து சுத்தமான ஸ்பானிஷில் பேசுங்கள். எனக்குப் புரியும்."

மோகன் கண்ணை மூடிக்கொண்டார். ரோசா அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. குறையவும் இல்லை, கூடவும் இல்லை. நான் அதோடு விட்டேனா? அவர் 'கிராசியாஸ்' என்றதும், "ஒப்ரிகாடு என்பதே இலக்கணப்படி சரி" என்று திருத்தினேன். டாவ் மாலா மெல்லக் கைதட்டினார்.

அப்போது திரை உறைந்தது. சரிசெய்ய நிலார் ஓடிவந்தாள். படம் திரும்பி வந்தபோது போன் அவள் கையில் இருந்தது. ரோசா அம்மா அவளிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார். அவள் யோசித்து, தடுமாறி, அதற்கும் சொன்னாள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார், இவளும் சிரித்தாள். வீட்டில் இருந்த எல்லாருக்கும் அந்த நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. எனக்குத்தான் கடைசியில் புரிந்தது.

"தம்பி, இவ்வளவு நாள் எங்களுக்கு என்ன பாஷை சொல்லிக்கொடுத்தீங்க?" என்று டாவ் மாலா கேட்டார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். (போர்த்துகீசியம். பிரேசிலில் பேசுவது.)

இரண்டு நாள் கழித்து மோகன் கூப்பிட்டார்.

"மாப்ளே, பேட்டின்னு சொன்னேன். பொதுக்கூட்டம்னா சொன்னேன்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவங்க கோபப்படல. நல்ல மனுஷன்தான், ஆனா என் பாஷையை எனக்கே திருத்துறவர் வாடிக்கைக்காரங்கள என்ன பண்ணுவாரோன்னு கேக்குறாங்க. வேலை நிலாருக்குத் தர்றாங்களாம். அனுப்புறியா?"

கையேட்டின் இருபத்துமூன்றாம் பக்கம் எனக்கு மனப்பாடம். வேலைக்கு வருகிறவர் மனைவியையும் படிக்கிற வயதுப் பிள்ளையையும் கூட அழைத்துவரலாம். தாய் தகப்பன் அந்தப் பட்டியலில் இல்லை. நானே பதினோரு பேருக்கு வாசித்துக் காட்டிய பக்கம்.

அன்று சாந்தி என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "நீங்க பேசாம இங்கிலீஷ்லயே பேசியிருந்தா மூணு பேரும் போயிருப்போம்." இதுவரை இரண்டாவது தடவை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போகாதே என்று சொல்லும் காலமா அது? ஆறு வாரத்தில் நிலார் கிளம்பினாள். என் நீலப் பெட்டியில் அவள் துணிகளை அடுக்கினோம். விமான நிலையத்தில்கூட நான் வாயை மூடவில்லை. வீடு வாங்காதே, வாடகைக்கு இரு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, காகிதங்களை இரண்டு பிரதி எடுத்துவை என்றேன். "சரிப்பா, சரிப்பா" என்றாள். சாந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போகும்போது நிலார் திரும்பிப் பார்த்தது அவள் அம்மாவைத்தான்.

நான் பழைய ஆபீசுக்குப் போய் நின்றேன். என் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. பனாமா எப்படி இருந்தது என்று கேட்டார்கள். சீக்கிரம் வந்துவிட்டேன் என்றேன்.

அவள் போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. எனக்கும் வேறு வேலை இல்லை. ஸ்பானிஷ் படித்தேன், இந்தத் தடவை ஸ்பானிஷையே. யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாந்திக்குக்கூடத் தெரியாது.

போன வருடம் நிலாருக்கு அங்கே கல்யாணம். கூட வேலைபார்க்கும் பையன், நல்ல குடும்பமாம். விருந்து அவர்களுக்கு மாலை, எங்களுக்குக் காலை. பட்டுப்புடவையும் வேட்டியும் கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தோம். ரோசா அம்மா கையில் கோப்பையோடு எழுந்து பேசினார். மணப்பெண்ணின் தகப்பனார் பூமியின் மறுபக்கத்திலிருந்து தனக்கு ஸ்பானிஷ் திருத்திய கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். கம்பெனியில் புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் முதல் நாள் அதைத்தான் சொல்வாராம். நான் மட்டும் சரியாகப் பேசியிருந்தால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது, அந்தப் பேராசிரியருக்கு நன்றி என்று முடித்தார். மண்டபமே குலுங்கியது. மாப்பிள்ளை மேசையைத் தட்டிச் சிரித்தான். நிலார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

சாந்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"என்ன சொல்றாங்க அவங்க?"

"நம்ம பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணுன்னு சொல்றாங்க."

"அதுக்கா இவ்வளவு சிரிக்கிறாங்க?" என்றாள் சாந்தி.