எண்பத்து மூன்று உரல்களும் ஒரு ஜெனரேட்டரும்

டெச்சிமான் சந்தையில் அந்த மாதம் கிழங்கு விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாரும் உரலைப் பற்றியே பேசினார்கள். தீர்க்கதரிசி ஜாபா ஊருக்கு வந்துவிட்டார்!

வேன் மேல் ஒலிபெருக்கி, ஒலிபெருக்கிக்கு மேல் அவருடைய படம். படத்தில் வெள்ளை உடுப்பும் வெள்ளைச் செருப்புமாக, தனக்குச் சொந்தமில்லாத ஒரு விமானத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "உடம்பெல்லாம் வலிக்கிறதா? உன் வீட்டில் ஃபுஃபு இடிக்கும்போது, கிழங்கோடு கிழங்காக உன் ஆவியையும் சேர்த்து இடிக்கிறார்கள்!" என்று அலறியது வேன். அவித்த கிழங்கை உரலில் இடித்துச் செய்யும் ஃபுஃபு களியை எந்த வீட்டில்தான் இடிக்கவில்லை? ஆகவே எல்லா வீட்டிலும் சூனியக்காரி இருந்தாள். வியாபாரத்துக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்குமா?

கூட்டம் அலைமோதியது. முதுகு வலிக்காரர் வந்தார். மூட்டு வலிக்காரர் வந்தார். வலியே இல்லாத ஒருவர், இனிமேல் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே வந்தார்.

கிழங்கு வியாபாரி டுஃபியும் வந்தாள். அவளுக்கு ஆறு வருஷமாக உடம்பு முழுக்க வலி. தோளில் இருக்கும், இடுப்புக்குப் போகும், முழங்கைக்கு வரும். தூங்கி எழுந்தால் தூங்காதவள் போலிருப்பாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், ரத்தமும் நன்றாக இருந்தது. டுஃபி மட்டும்தான் நன்றாக இல்லை. "வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறா" என்று சந்தையே தீர்ப்பு எழுதிவிட்டது.

ஜாபா ஒரு உலக்கையை எடுத்து, அதன் நுனியால் அவள் தோளில் அழுத்தினார்.

"ஐயோ!"

"கேட்டீங்களா!" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

பதினோரு இடத்தில் அழுத்தினார். பதினோரு தடவை கத்தினாள். அந்த உலக்கையால் அப்படி அழுத்தினால் ஜாபாவே கத்தியிருப்பார் என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. டுஃபிக்கும் தோன்றவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். உனக்கு வலிக்கிறது என்று ஒரு மனிதர் மைக்கில் சொல்லிவிட்டாரே! அதற்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது. இந்தப் பசி ஜாபா மாதிரி ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

"உனக்குச் சோறு போடுற கை யாரும்மா?"

"என் நாத்தனார், ஐயா. தச்சிவா அக்கா."

"அவதான்!"

அவ்வளவுதான் விசாரணை. தச்சிவாவின் உரல் அன்றைக்கே ஜாபாவின் கொட்டகைக்குப் போனது. டுஃபியின் கையில் விடுதலை எண்ணெய் ஒரு பாட்டில் வந்தது, விலை அந்த நாட்டுப் பணத்தில் நூற்றைம்பது செடி. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் தச்சிவா குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவளை வீட்டை விட்டு அனுப்பி, வடக்கே சூனியக்காரிகளை ஒதுக்கி வைக்கும் குடிசைகளுக்கு லாரி ஏற்றிவிடுவது என்று குடும்பத்துப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

தச்சிவா எப்போதும் போல அன்றைக்கும் டுஃபியின் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உன்னை இடிக்கணும்னா எனக்கு உரல் எதுக்கு? நீ பாத்திரத்தைக் கழுவாம போட்டுட்டுப் போறியே, அன்னிக்கே கையாலயே இடிச்சிருப்பேனே!"

டுஃபிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஆறு வருஷமாக அவள் வலியை நம்பிய ஒரே ஆள் இவள்தான். இவளை அனுப்பிவிட்டால்? ஆனால் இவள்தான் இடிக்கிறவள் என்றால்?

இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் லாரிபா கூப்பிட்டனுப்பினாள். காரணம் தெரியாத இந்த வலியைப் பற்றி அங்கே ஆராய்ச்சி நடந்தது, டுஃபி அதில் பெயர் கொடுத்திருந்தாள். லாரிபா அவள் காலிலிருந்து மிளகளவு தோலைக் கிள்ளி எடுத்தாள்.

"இது எதுக்கு டாக்டரம்மா?"

"தோலுக்குள்ள மெல்லிசா நரம்பு இழை ஓடும். சில பேருக்கு அது குறைஞ்சிருக்கு. உங்களுக்கு எப்படின்னு எண்ணிப் பார்க்கப் போறேன்."

"அதுதான் காரணமா?"

"இருக்கலாம். ரத்தத்துல ஏதோ ஒண்ணு நரம்பைச் சீண்டுதோ என்னமோ. இல்ல, ரேடியோவைச் சத்தமா வெச்ச மாதிரி, மூளை சின்ன வலியைப் பெருசாக் காட்டுதோ என்னமோ. சத்தியமா இன்னும் தெரியாது. தேடிட்டிருக்கோம்."

டுஃபிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு படித்தவளுக்குத் தெரியவில்லை, ஜாபாவுக்கு அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டதே!

"ஆனா உங்க வலி நிஜம்," என்றாள் லாரிபா. "அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. தினமும் நோட்டுல நம்பர் போடுறீங்கல்ல? விடாம போடுங்க."

வலி இல்லையென்றால் சைபர், தாங்க முடியாவிட்டால் பத்து. தினமும் ஒரு நம்பர். டுஃபி சளைக்காமல் போட்டாள்.

ஊரில் சந்தேகம் ஒரு உரலோடு நிற்குமா? மாமியார் மருமகளின் உரலைக் காட்டிக்கொடுத்தாள், மருமகள் மாமியாரின் உரலை. ஒரு வாரத்தில் அந்தப் பேட்டையின் எண்பத்து மூன்று உரல்களும் ஜாபாவின் கொட்டகைக்குள் போய்விட்டன. உரல் இல்லை, ஆகவே ஃபுஃபு இல்லை. ஆண்கள் புளித்த சோள உருண்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பெரியவர் கிராசி கனவில் ஃபுஃபு சாப்பிட்டுத் தலையணை உறையைக் கடித்துவிட்டார்.

ஊர் உரலெல்லாம் போன பத்தாம் நாள் டுஃபி நோட்டைப் புரட்டினாள். உரல் இருந்தபோது ஏழு, ஆறு, எட்டு, ஏழு. உரல் போன பிறகு ஏழு, எட்டு, ஆறு, ஏழு.

மறுபடி பார்த்தாள். நோட்டைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். இடிக்க உரலே இல்லை, வலி மட்டும் எப்படி இருக்கிறது?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஜாபா வீட்டுப் பின் சந்து வழியாக வந்தாள். மத்தியானம். முன்பக்கம் ஜெனரேட்டர் 'டடடட' என்று ஊரைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் சுவரை ஒட்டி நின்றாள். காதுக்கு ஒரு சத்தம் வந்தது. மூக்குக்கு ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை வந்தது. டுஃபி வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜாபா வீட்டு முன்பக்கக் கொட்டகை வாசலில் ஊரே கூடிவிட்டது. தச்சிவாவை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். லாரியும் தயாராக நின்றது.

டுஃபி நோட்டோடு எழுந்தாள்.

"ஐயா, அக்காவோட உரல் உங்ககிட்ட வந்து இருபது நாளாச்சு. ஊர் உரலெல்லாம் வந்தும் பத்து நாளுக்கு மேல ஆச்சு. என் வலி ஒரு நம்பர்கூடக் குறையலையே?"

கூட்டம் முணுமுணுத்தது. ஜாபா அசரவில்லை. "எவளோ ஒருத்தி ஒரு உரலை ஒளிச்சு வெச்சு இன்னும் இடிக்கிறா!"

"அப்ப, இப்ப யார் வீட்டுல உரல் இடிபடுதோ அவங்கதான் சூனியம் வெச்சவங்களா?"

"சந்தேகமென்ன!"

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்!" மைக்கில் கர்ஜித்தார். கூட்டம் கை தட்டியது.

"சரி ஐயா. அந்த ஜெனரேட்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

ஜாபாவின் முகத்தில் வெள்ளை உடுப்பின் நிறம் ஏறியது. "ஜெனரேட்டர் அபிஷேகம் பண்ணினது, அதை நிறுத்தக் கூ..." தச்சிவா விறுவிறுவென்று போய் விசையைத் திருகிவிட்டாள். மைக் செத்தது.

தொம். தொம். தொம்.

தீர்க்கதரிசியின் வீட்டுக் கொல்லையிலிருந்து!

எல்லாரும் சுவரைச் சுற்றி ஓடினார்கள். ஜாபாவின் மனைவி ஒரு கை உலக்கையில், மறு கை நெற்றி வியர்வையில், அப்படியே உறைந்து நின்றாள். உரலுக்குள் வழுவழுவென்று வெண்ணெய் போல ஃபுஃபு.

"அட, என் உரல்!" என்றாள் தச்சிவா. "பக்கத்துல வெட்டு இருக்கு பாருங்க, நான் கோடாலி போட்டது!"

கொட்டகையைத் திறந்தார்கள். ஐந்து உரல் இருந்தது. மற்றதெல்லாம் குமாசி சந்தையில் நல்ல விலைக்குப் போய்விட்டதாம். ஊரை ஏமாற்றியதைக்கூட மன்னித்திருப்பார்கள், ஆட்டுக்கறிக் குழம்பை மன்னிக்க முடியவில்லை. ஜாபா ஒற்றைச் செருப்போடு ஓடினார். மற்றொன்று பெரியவர் கிராசியின் கையில் இருந்தது.

டுஃபி தச்சிவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிரு அக்கா."

"இனிமே பாத்திரம் கழுவுவியா?"

"கழுவுறேன்."

"அப்ப மன்னிச்சாச்சு."

மூச்சு வாங்கியபடி கிராசி வந்து சேர்ந்தார். "எல்லாம் சரிம்மா. அப்ப உனக்கு இந்த வலி எதனால?"

"தெரியலை பெரியவரே. டாக்டரம்மா தேடிட்டிருக்காங்க."

கூட்டத்தின் முகம் தொங்கிப்போனது. தெரியாது என்பதெல்லாம் ஒரு பதிலா? கிராசி தாடையைத் தடவினார். "சுன்யானில புதுசா ஒருத்தர் வந்திருக்காராம். முட்டையை உடைச்சுப் பார்த்தே சொல்லிடுவாராம். அவரைக் கூட்டிட்டு வந்தா..."

டுஃபி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு நரம்புல கோளாறா ரத்தத்துல கோளாறான்னு தோலைக் கிள்ளிப் பார்த்தாவது கண்டுபிடிச்சிடுவாங்க, பெரியவரே. உங்க மூளையில என்ன கோளாறுன்னு பார்க்கணும்னா, முதல்ல நீங்க அதை ஒரு தடவையாவது உபயோகிச்சிருக்கணும்."