எழுபதுக்குள்ள ஒரு மாமியார்

சிரிங்கடா, சிரிங்க. பீரைச் சிந்தாம சிரிங்க. உங்கள்ல பாதிப் பேரு மாமியாருக்குப் பயந்துதான இந்த மழையிலயும் பப்புல வந்து உக்காந்திருக்கீங்க? நான் மட்டும் என்ன கெட்டுப் போனேன்?

பேரு கைல். பேருதான் கைல், கைல ஒண்ணும் கிடையாது. காலேஜைப் பாதியில விட்டேன். பேக்கரி வேலையைப் பாதியில விட்டேன். முழுசா முடிச்சது ரெண்டே ரெண்டுதான்: கேஸ் மெக்கானிக் பரீட்சை, கல்யாணம். ரெண்டுலயும் கவனம் தப்பினா வெடிக்கும்.

என் லைசென்ஸ் 'வீட்டு வேலைக்கு மட்டும்'. அதாவது குளிருக்கு வீட்டைச் சூடாக்குற கேஸ் பாய்லரை எழுபது கிலோவாட் வரைக்கும் மாட்டலாம். அதுக்கு மேலன்னா வேற பரீட்சை. இதைப் போயி பெருமையா என் பொண்டாட்டி ஜெம்மாகிட்ட சொன்னேன் பாருங்க.

"வீட்டு வேலைன்னு அட்டையிலயே போட்டிருக்கா? அப்ப பாத்திரத்தைத் தேய்."

அன்னைலருந்து நான்தான் தேய்க்கறேன். கிலோவாட் கணக்கு எனக்குத் தெரியும். அவ வாட்டுற கணக்கு எந்த மீட்டருக்கும் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வரேன். போன அக்டோபர்ல மாமியார் மாரீன் வீட்டு பாய்லர் செத்துப் போச்சு. மலை மேல, மில் முதலாளி யாரோ அந்தக் காலத்துல கட்டின கல் வீடு. ஒன்பது ரூம். உள்ள ஒரே ஒரு ஆளு.

"டேய், அம்மாவுக்குப் புது பாய்லர் மாட்டிக் குடு," ஜெம்மா சொன்னா.

அந்த வாரம் உங்களோட ஸ்கார்பரோவுக்கு மீன் பிடிக்க வரேன்னு வாக்கு குடுத்திருந்தேன். அதனால மூஞ்சியை நீட்டமா வெச்சுக்கிட்டேன்.

"அய்யோ ஜெம், அந்த வீட்டுக்கு எண்பது வேணுமே. எனக்கு எழுபதுதான். கை வெச்சா அட்டையைப் பிடுங்கிடுவாங்க."

"அப்படியா?"

நண்பர்களே, பொண்டாட்டி "அப்படியா"ன்னு கேட்டா உடனே கேஸை மூடிட்டு ஜன்னலைத் திறந்துடணும். நான் டிவியைப் போட்டேன்.

மறுநாள் அவ அளக்குற டேப்பைத் தூக்கிட்டு மலை ஏறினா. சாயங்காலம் வந்து சொன்னா: "மொத்த வீட்டுக்கும் அறுபது வருது."

"யாரு கணக்குப் போட்டது?"

"நான்தான். சுவரு, ஜன்னல் எல்லாம் அளந்தேன். உன் பாடப் புத்தகம் ஃபிரிட்ஜுக்கு முட்டுக் குடுத்திருந்துச்சு. எடுத்துப் படிச்சேன்."

"அதான் ஃபிரிட்ஜ் ஆடுதா?"

"பேச்சை மாத்தாத."

"மீட்டர் தாங்காது ஜெம். அவ்ளோ கேஸுக்குப் பெரிய மீட்டர் வேணும்."

"கேஸ் கம்பெனில சொல்லி வெச்சிருந்தேன். இன்னைக்கு வந்து மாட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம் குழாய் இருக்கே? அதுவும் பெருசா மாத்தணுமே?"

"மாத்தத்தான நீ போற? முடியாதுன்னா விடு. அம்மா பாவம், குளிருல எங்க போவாங்க? நம்ம மாடில சின்ன ரூம் இருக்குல்ல?"

எனக்குக் கேஸ் லீக் ஆன மாதிரி தலை சுத்துச்சு. அந்த ரூம்லதான்டா அம்பு எறிஞ்சு விளையாடுற என் டார்ட்ஸ் போர்டு மாட்டியிருக்கேன்! தவிர, மாரீன் அத்தை டீயோட நிறத்தைப் பார்த்தே என் பரம்பரையைத் திட்டுற ஆளு. நம்ம வீட்டுக்குள்ள அவங்க கால் வைக்கவே கூடாது. அன்னைக்கு எடுத்தேன்டா சபதம்.

"மாட்டறேன். ஆனா சத்தியம் பண்ணு. உங்கம்மா ஒரு ராத்திரிகூட நம்ம வீட்டுல தங்கக் கூடாது."

"சத்தியமா தங்கமாட்டாங்க," டக்குனு சொன்னா. அந்த 'டக்கு'ல நான் சுதாரிச்சிருக்கணும்.

ஸ்கார்பரோ மீனெல்லாம் உயிர் பிழைச்சுது. மலை ஏறினேன். அத்தை ரெண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, அது மேல கம்பளின்னு வெங்காயம் மாதிரி நின்னாங்க.

"கண்ணு, நான் ஒண்டிக்கட்டை. அடுப்பங்கரை, குளிக்கிற ரூம், படுக்கிற ரூம் சூடானா போதும். மத்ததைப் பூட்டிடலாம். சின்னதா முப்பது கிலோவாட்டுல ஒண்ணு மாட்டிடு."

முப்பதா? நாளைக்கு ஏதோ ஒரு மூலையில சில்லுனு இருக்குன்னு சொல்லிக்கிட்டு என் வீட்டுக்கு வந்து நின்னா?

"சும்மா இருங்க அத்தை! ஒன்பது ரூமும் கொதிக்கணும். அறுபதுதான்!"

ஜெம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. "உன் இஷ்டம்டா. நீதான படிச்சவன்."

அறுபது கிலோவாட் பாய்லரை நிலவறைக்கு இறக்கினவனுக்குத்தான் தெரியும், அது எத்தனை கிலோன்னு. குழாயை மாத்தி, பூட்டிக் கிடந்த ரூமையெல்லாம் திறந்து, சூடு குடுக்கற ஒவ்வொரு ரேடியேட்டர்லயும் அடைச்சிருந்த காத்தை வெளியேத்தி விட்டேன். பின்னாலயே அத்தை.

"குழாய் நேரா இருக்கா கண்ணு?"

"மட்டம் பாக்கற லெவல் வெச்சுப் பார்த்துட்டேன் அத்தை."

"லெவல் நேரா இருக்கா?"

பத்த வெச்சேன். பூனை மாதிரி உறுமிட்டு எரிஞ்சுது பாருங்க! கோட்டு கழண்டுச்சு, ஸ்வெட்டர் கழண்டுச்சு. மாமியாருக்குக் கழுத்து இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"இனிமே நீங்க எங்கயும் போக வேண்டாம் அத்தை!"

"நான் ஏன் கண்ணு போறேன்?"

வெளிய ஹாரன் அடிச்சுது. என் வேன். அதுலருந்து மெத்தை இறங்குது, ஃபிரிட்ஜ் இறங்குது, ஜெம்மா இறங்குறா.

"என்னடி இது?"

"நம்ம சாமான். வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டேன். அங்க சுவரெல்லாம் ஈரம், கூரையில ஓட்டை. இங்க ஒன்பது ரூமும் சுடச்சுட இருக்கு."

"அடிப்பாவி! சத்தியம் பண்ணியே!"

"பண்ணேன்ல? அம்மா ஒரு ராத்திரியாவது நம்ம வீட்டுல தங்கினாங்களா?"

உள்ளேருந்து அத்தை குரல்: "கண்ணு, பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா. இது உன் வீடு மாதிரி கிடையாது."

பாவம் கைல், ஏமாந்துட்டான்னு எவனும் எனக்கு இன்னொரு கிளாஸ் ஊத்த வேண்டாம். ஊத்தினா குடிப்பேன், அது வேற விஷயம். ஆனா யோசிச்சுப் பார்த்தேன்டா. ஜெம்மா அளந்தது சரி. பண்ண சத்தியமும் சரி. எண்பது வேணும்னு புளுகினது யாரு? முப்பது போதும்னு கெஞ்சின அத்தைக்கு அறுபதைத் திணிச்சது யாரு?

இந்தக் கதையில பொய் சொன்ன ஒரே ஆளு நான்தான்.