பேர் எழுதிய ஹெல்மெட்

அறுபது ஹெல்மெட்டும் மதுரையிலிருந்து வந்து இறங்கிய அன்று காலையில்தான் பேப்பரில் அந்தச் செய்தியும் வந்திருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் ஹெல்மெட் போட வேண்டும் என்ற உத்தரவு, அடுத்த அறிவிப்பு வரும்வரை அமலுக்கு வராது.

காசிராஜன் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தான். பிறகு பேப்பரை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தான். அவன் மனைவி கிருபாபாய் பேப்பர் படிக்கிறவள் அல்ல. ஆனால் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை என்பதைப் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

"இதெல்லாம் எப்பங்க வெளிய போகும்?"

"சட்டம் வந்ததும் பறந்துரும்."

"சட்டம் எப்ப வரும்?"

"வந்துக்கிட்டே இருக்கு."

காசிராஜன் பி.காம். படித்தவன். எல்லோரும் செய்தி படித்தால் அவன் செய்திக்குள் இருக்கும் வியாபாரத்தைப் படிப்பான். மதார் சாகிப் டீக்கடையில் சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து அடிக்கோடு போடுவான். கொடைக்கானலில் டி.வி. கோபுரம் வருகிறது என்று படித்துவிட்டு ஆண்டெனாவுக்காக அலுமினியக் குழாய் வாங்கி அடுக்கினான். கோபுரம் வந்தது. ஆண்டெனாவும் வந்தது, மதுரையிலிருந்து ரெடிமேடாக. குழாய்கள் மாந்தோப்புக்காரர்களுக்குத் தொரட்டிக் கம்பாகப் போயின.

ஹெல்மெட் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. கிருபாபாயின் அண்ணன் பொன்னுராஜ் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி வைத்திருந்தார். சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் கோயில் அசன விருந்துக்குள் இந்த வியாபாரம் நிலைத்து நிற்காவிட்டால் அங்கே சூப்பர்வைசராக வந்துவிடுவதாகச் சொந்தக்காரர்கள் முன்னால் காசிராஜன் வாக்குக் கொடுத்திருந்தான். பொன்னுராஜ் நல்ல மனுஷர். நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். அதைப் போகும்போதும் வரும்போதும் துடைத்துவைக்க ஆட்களிடம் சொல்லியும் இருந்தார். அந்த நாற்காலியை நினைத்தாலே காசிராஜனுக்கு இடுப்பு வலித்தது.

சட்டம் போடச் சொல்லாவிட்டால் என்ன, நாமே போட்டுக் காட்டினால் ஊர் பழகிவிடும் என்று நினைத்தான். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு மொபெட்டில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு சுற்று வந்தான். எதிரில் தவசிமுத்து வந்தார். கிருபாபாயின் பெரியப்பா, சபையில் மூப்பர். காசிராஜன் தலையைக் குனிந்து, "தோத்திரம் மாமா" என்றான். தோத்திரம் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றிவிட்டு அடங்கியது.

அவன் வீடு வந்து சேருமுன் புகார் வந்து சேர்ந்திருந்தது. மொபெட்டை அடையாளம் தெரிந்ததாம். மூஞ்சியை மூடிக்கொண்டு, பெரிய மனுஷனைக் கண்டும் காணாமல் போனானாம்.

"அவிய இனிமே நம்ம வீட்டுப் படி மிதிக்க மாட்டாகளாம்" என்றாள் கிருபாபாய்.

முகம் தெரியவில்லை என்றால் பேர் தெரியட்டும். எதிரே போர்டு எழுதும் சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டு, ஹெல்மெட்டின் நெற்றியில் 'காசிராஜன்' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதச் சொன்னான். மறுநாள் அதை மாட்டிக்கொண்டு போனபோது தூரத்திலேயே ஆட்கள் கை தூக்கினார்கள். தவசிமுத்துகூட எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பாதி சிரித்தார்.

அங்கேதான் காசிராஜனுக்கு அடுத்த யோசனை வந்தது. தன் பேர் எழுதிய பொருளை அடுத்தவன் கடையில் தொங்க எவன் விடுவான்? ஊரில் வண்டி வைத்திருக்கும் முக்கியஸ்தர்கள் சிலரின் பேரை ஆளுக்கொன்றாக எழுதி, தெருவைப் பார்த்த முன்னறையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டான்.

மத்தியானமே அவர்கள் வந்தார்கள், வாங்க அல்ல.

"எம்பேரு கீழ. ராஜரத்தினம் பேரு மேல. கல்யாணப் பத்திரிகையிலகூட எவனும் அப்படிப் போட்டதில்ல" என்றார் எண்ணெய்க்கடை சீனிச்சாமி.

காசிராஜன் எல்லா ஆணியையும் பிடுங்கி ஒரே வரிசையாக அடித்தான். அப்போது முதலில் யார் என்ற கேள்வி வந்தது. இன்னொருவர் வீட்டம்மா, சுவரில் புருஷன் பேர் தொங்குவதைப் பார்த்து, மாலை ஒன்றுதான் பாக்கி என்று அழுதுவிட்டுப் போனாள்.

சீனிச்சாமியைச் சமாதானம் செய்தால் மற்றவர்கள் அடங்குவார்கள் என்று, அவர் ஹெல்மெட்டை அவருக்கே சும்மா கொடுத்தான். சீனிச்சாமி அதை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவைத்தார். அன்று சாயங்காலம் அவருடைய கணக்குப்பிள்ளை அவசரமாக வண்டி வேண்டும் என்று வாங்கிப் போனான். ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டான். அவசரம் பிராந்திக் கடையில் இருந்தது.

பிராந்திக் கடை வாசலில் 'சீனிச்சாமி' நிற்பதை ஊரே வாசித்தது. மாலை போட்டு மலைக்குப் போகிற மனுஷர் அவர். வீட்டில் கதவு திறக்கவில்லை. மறுநாள் காலை ஹெல்மெட்டும் கையுமாக வந்து காசிராஜன் வாசலில் நின்றார். கூட்டம் கூடிவிட்டது.

"ஏலே, பேரு எம்புட்டுப் பெரிய விஷயம்னு உனக்குத் தெரியுமா? எவனோ குடிக்கான், எம்பேரு தள்ளாடுது" என்றார்.

கூட்டத்தை எப்படியாவது கலைக்க வேண்டும். காசிராஜன் படியில் ஏறி நின்று உரக்கச் சொன்னான்:

"இந்தா பாருங்க, இனிமே யாரு பேரையும் நானா எழுத மாட்டேன். வேணுங்கிறவுக வாங்கி நீங்களே எழுதிக்கோங்க. எம்பேரை வேணா எழுதிக்கோங்க. எவன் எங்க போட்டுக்கிட்டுப் போனாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்."

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள், யோசனையோடு.

அன்று மாலை ஒருவன் வந்து ஹெல்மெட் வாங்கினான். மறுநாள் நாலைந்து பேர். அதற்கு மறுநாள் மில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் வரிசையே நின்றது. பழைய பேர்களை அழித்துவிட்டு அவற்றையும் விற்றான். சைக்கிள்காரன் ஒருவனும் வாங்கிப் போனான். வாங்கியவர்கள் நேரே எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய், சங்கிலிப்பாண்டியிடம் பேர் எழுதி வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பினார்கள். காசிராஜனுக்கு அவர்கள் முதுகைப் பார்க்கவே நேரமில்லை.

சட்டம் சொல்லாததை ஊரே தானாகச் செய்கிறது. பேப்பர்க்காரர்களுக்கு எழுதிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் புகழும் பரவியது. பால் ஊற்றும் பெத்தம்மாள், தளவாய்புரத்தில் அவனைப் பார்த்ததாகச் சொன்னாள். டவுன் பஸ் கண்டக்டரோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் மேட்னி விடும்போது பார்த்து விசில் அடித்தும் நிற்காமல் போய்விட்டானே என்று குறைப்பட்டான். இரண்டு நேரமும் காசிராஜன் கடையில்தான் இருந்தான். ஆனால் மறுக்கவில்லை. வியாபாரம் ஓங்கினால் ஆளை ஊரெல்லாம் பார்த்த மாதிரி இருக்கும் என்று கிருபாபாயிடம் விளக்கினான்.

"இருக்கும்" என்றாள் அவள். அவள் அதைச் சொன்ன விதம் அவ்வளவு நன்றாக இல்லை.

அசன விருந்தில் பொன்னுராஜ் தானே வந்து அவன் இலைக்குக் கறி போட்டார்.

"மாப்ள, நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். ஒரே நாள்ல சேத்தூர், தளவாய்புரம், ஸ்ரீவில்லிபுத்தூருன்னு நீங்க அலையிற அலைச்சலுக்கு எங்கம்பெனி தாங்காது."

தவசிமுத்து மட்டும் அவனைப் பார்த்ததும் இலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போனார். பொறாமை என்று காசிராஜன் எடுத்துக்கொண்டான். சோறும் கத்தரிக்காயும் கறியும் அன்றைக்கு இறங்கிய மாதிரி என்றைக்கும் இறங்கியதில்லை.

வீட்டுக்குத் திரும்பி, காலியான முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்தான். ஆணிகள் மட்டும் இருந்தன. கிருபாபாய் வெகுநாளைக்குப் பிறகு அங்கே கோலப்பொடி டப்பாவை வைத்திருந்தாள். மதுரைக்கு இன்னும் நூறு ஹெல்மெட்டுக்கு ஆர்டர் சொல்லிவிடலாம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது சங்கிலிப்பாண்டி வாசலில் வந்து நின்றான். கை முழுக்க மஞ்சள் பெயிண்ட். கக்கத்தில் ஒரு தகரம்.

"அடுத்த லோடு எப்ப வருது அண்ணாச்சி?"

"வியாழக்கிழமை. ஏன், முடியாதா?"

"அதெல்லாம் சட்டுனு முடிச்சிருவேன். ஒவ்வொண்ணுலயும் கையால எழுதி வலி தாங்கல, அதான் உங்க பேருக்குத் தகரத்துல அச்சே வெட்டிட்டேன். வேற பேரு எவனும் கேக்க மாட்டேங்கானே."