சாக்ஸபோன் ஜப்தியான கதை

ஜப்தி செய்ய வரப்போகும் கோர்ட் அமீனாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். போலீஸோடு வந்தாலும் சரி, பட்டாளத்தோடு வந்தாலும் சரி. நான் பூட்டுக் கடையில் விற்பனையாளன். ஒரு கதவை எப்படிச் சாத்துவது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விவகாரம் ஒரு சாக்ஸபோனில் ஆரம்பித்தது. தவணையில் வாங்கினேன். முதல் சில தவணைகளை ஒழுங்காகக் கட்டினேன். அதற்குப் பிறகு கடைக்காரர் என்னை மறந்துவிடுவார் என்று மனப்பூர்வமாக நம்பினேன். மனிதர் மறக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய்விட்டார். சாக்ஸபோனைப் பிடுங்கிக் கடையில் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது, அது கிடைக்காவிட்டால் அதன் மதிப்புக்கு வீட்டுச் சாமான்களை அள்ளலாம் என்று கோர்ட்டும் சொல்லிவிட்டது.

சாக்ஸபோனை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. பகல் முழுவதும் பூட்டைக் காட்டு, சாவியைக் காட்டு என்று நின்றுவிட்டு வருகிறேன். சாயந்திரம் அதை எடுத்து வாயில் வைத்தால்தான் நானும் ஒரு ஆள் என்று தோன்றும். ஊதுவாய் எடுக்கும்போதே லேசாக ஈரமாக இருக்கும். ஈரக் காற்று என்று துடைத்துவிட்டு ஊதுவேன். நான் ஊத ஆரம்பித்ததும் எங்கள் கட்டடத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். சத்தம் வீணாக வெளியே போகாமல் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள் என்று சந்தோஷப்படுவேன்.

தவணை சமாசாரம் மனைவிக்குத் தெரியாது. என் சேவையைப் பாராட்டி முதலாளி பரிசாகக் கொடுத்தார் என்று சொல்லிவைத்திருந்தேன்.

"உங்க முதலாளியா? டீக்குக் கூடச் சம்பளத்துல பிடிக்கிற மனுஷனா?"

"மனசு மாறிட்டாரும்மா."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதித்தாள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். கெட்டிக்காரி. ஆனால் என் அளவுக்கு இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

அடுத்த வீட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா. அவரைப் பால்கனியில் பிடித்தேன்.

"குமாஸ்தா சார், ஒரு சட்ட சந்தேகம். என் நண்பர் ஒருத்தருக்காகக் கேக்கறேன்."

"சாக்ஸபோன் வெச்சிருக்கிற நண்பரா?"

"எந்த நண்பரா இருந்தா என்ன சார்? அமீனா வந்தா கதவை உடைப்பாரா?"

"வெளிக்கதவை உடைக்க முடியாது. வீட்டுல இருக்கறவங்க யாராவது திறந்து விட்டாத்தான் உள்ள வரலாம்."

"கூட போலீஸ் வந்தா?"

"அடிதடி ஆகாமப் பார்த்துக்கத்தான் போலீஸ். அவர் பணமும் கேக்க முடியாது, கதவையும் தள்ள முடியாது."

"மீறி உள்ள வந்துட்டா?"

"தொழில் கருவியைத் தொட முடியாது. தச்சருக்கு உளி, தையல்காரங்களுக்கு மெஷின்."

"சாக்ஸபோன்?"

"அதை வாசிச்சுச் சம்பாதிக்கிறவரா இருந்தா அதையும் தொட முடியாது." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆமா, உங்க வீட்டுல பகல் நேரத்துல அருமையா ஒரு சங்கீதம் கேக்குதே, ரேடியோவா?"

"ரேடியோவாத்தான் இருக்கும்."

"சாயந்திரம் ஏன் சார் ஸ்டேஷனை மாத்தறீங்க? பகல்ல வர்றதையே வைங்களேன்."

ரசனை இல்லாத மனிதர். ஆனால் சட்டம் தெரிந்தவர். அன்றைக்கே கடையிலிருந்து உயர்ந்த ரகப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து வாசல் கதவில் பொருத்தினேன். எண்ணெய் விட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வேலை செய்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். எந்தப் பூட்டு விற்றாலும், 'ரெண்டாவது சாவியை வீட்டு அம்மா கையில கொடுத்துடுங்க' என்று சொல்லித்தான் விற்போம். இல்லாவிட்டால் ஆண்கள் சாவியைத் தொலைத்துவிட்டு எங்களுக்குப் போன் போட்டு உயிரை வாங்குவார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை. பூட்டை மாட்டி முடித்ததும் இரண்டாவது சாவியை நானே மனைவியின் கையில் கொடுத்தேன். கொடுத்ததையும் மறந்தேன்.

அமீனா வருகிற நாள் வந்தது. மனைவியை வெளியே அனுப்ப வேண்டும்.

"உங்க அக்காவைப் போய்ப் பார்த்துட்டு வாயேன்."

"திடீர்னு என்ன?"

"பாசம்தான்."

"என் அக்கா மேல? உங்களுக்கு?"

"மனுஷன் மாறக் கூடாதா?"

"உங்க முதலாளி மாறின மாதிரியா?" என்றவள், ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இவ்வளவு சுலபமாக அவள் என் பேச்சைக் கேட்டதே கிடையாது. நான் அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

அடுத்து, சாக்ஸபோனை ஒளிக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் பார்ப்பார்கள். பீரோவைத் திறப்பார்கள். கூடத்தின் மூலையில் மனைவியின் தையல் பொம்மை நின்றது. தலை இல்லை, கை இல்லை, உள்ளே வெற்றிடம். மேலே யாரோ ஒரு வாடிக்கையாளரின் நீளமான கவுன். சாக்ஸபோனைக் கீழ்ப்பக்கமாக உள்ளே செருகினேன். புனல் மாதிரி விரிந்த அடிப்பகுதி மட்டும் முன்னால் பிதுங்கிக்கொண்டு வெளியே நின்றது. கவுனை இழுத்து அதை மூடினேன். பொம்மையின் வயிறு கொஞ்சம் எடுப்பாகத் தெரிந்தது. தலையே இல்லாத பொம்மையின் வயிற்றை யார் பார்க்கப் போகிறார்கள்?

கதவு தட்டப்பட்டது.

"சார், கோர்ட் அமீனா வந்திருக்கேன். கதவைத் திறங்க."

"வீட்டுல யாரும் இல்லை."

"அப்ப பேசறது யாரு?"

"நானும் இல்லை."

"சார், கூட போலீஸும் இருக்கு."

"இருக்கட்டும். வெளிக்கதவை உடைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அவர் வந்தது அடிதடி ஆகாமப் பார்த்துக்க. நான் யாரையும் அடிக்கலை. நீங்க போகலாம்."

வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. "விவரமான ஆளா இருக்கார்ப்பா" என்று அமீனா போலீஸ்காரரிடம் சொன்னதும் காதில் விழுந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

அப்போது ஒரு சத்தம். பூட்டுத் திறக்கிற சத்தம். நன்றாக எண்ணெய் விட்ட, உயர்ந்த ரகப் பூட்டு திறக்கிற இனிமையான சத்தம்.

கதவு திறந்தது. என் மனைவி நின்றாள். பின்னால் அமீனா, அவருக்குப் பின்னால் போலீஸ்காரர்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. பாவம்ங்க, ரெண்டு பேரும் எவ்வளவு நேரமா நிக்கிறாங்களோ! என்னங்க, உள்ள இருந்துக்கிட்டே திறக்கலையா?"

"நான்... குளிச்சிட்டு இருந்தேன்."

"பேப்பர் படிச்சுக்கிட்டா?"

"நீ அக்கா வீட்டுக்குப் போகலை?"

"பர்ஸை மறந்துட்டேன். இவங்கல்லாம் யாரு?"

மூளை வேகமாக வேலை செய்தது. "மக்கள்தொகை கணக்கெடுக்க வந்திருக்காங்க."

"போலீஸ் எதுக்கு?"

"எண்ணிக்கை தப்பாமப் பார்த்துக்க."

மனைவி தலையாட்டினாள். அமீனா பக்கம் திரும்பினாள். "எழுதிக்குங்க சார். இந்த வீட்டுல ரெண்டு பேர், ஒரு சாக்ஸபோன்."

அமீனாவின் முகம் மலர்ந்தது. "அந்தச் சாக்ஸபோன் எங்கம்மா?"

"தொலைஞ்சு போச்சு!" என்றேன்.

"அப்படின்னா வேற சாமானைத்தான் எடுக்கணும். அந்த டிவி?"

"என் தம்பி எனக்கு வாங்கிக் கொடுத்தது. பில் என் பேர்ல இருக்கு" என்றாள் மனைவி.

"ஃப்ரிட்ஜ்?"

"நான் தைச்சுச் சம்பாதிச்சது."

"தையல் மெஷின் தொழில் கருவி, அதை நானே தொட மாட்டேன். அப்ப, சார் பேர்ல இந்த வீட்டுல என்னதான்மா இருக்கு?"

மனைவி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இவர்தான் இருக்கார்."

"இவரை எல்லாம் ஏலம் போட முடியாதும்மா."

"ஒரு தடவை முயற்சி பண்ணித்தான் பாருங்களேன்."

இதற்குள் போலீஸ்காரர் மூலைக்குப் போயிருந்தார். பொம்மையை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், இந்தப் பொம்மைக்கு எத்தனாவது மாசம்?"

"காலையில நான் போறப்போ ஒண்ணும் இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே அவள் கவுனைத் தூக்கினாள். தங்க நிறத்தில் பளபளவென்று பிறந்தது என் சாக்ஸபோன்.

எனக்கு இன்னும் ஒரு அஸ்திரம் பாக்கி இருந்தது. "தொடாதீங்க! அது தொழில் கருவி. நான் ஒரு இசைக் கலைஞன்."

"பூட்டுக் கடைன்னு கோர்ட்ல சொன்னாங்களே?" என்றார் அமீனா.

"பகல்ல பூட்டு. சாயந்திரம் சங்கீதம்."

"அப்படியா? வாசிங்க, கேப்போம்."

"வாசிங்க!" என்றாள் மனைவி. "உங்க திறமையை இவங்களும் தெரிஞ்சுக்கட்டும்." அவள் கண்ணில் இருந்தது பெருமை என்று நினைத்தேன். இவ்வளவு வருஷம் ஆகியும் அந்தக் கண்ணைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். உயிரைக் கொடுத்து ஊதினேன். தெருவில் ஒரு நாய் அழுதது. மேல்மாடியில் ஒரு குழந்தையும் அழுதது. அமீனா இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு ஏதோ எழுத முயன்றார்.

போலீஸ்காரர் மட்டும் துள்ளிக் குதித்தார். "நிறுத்துங்க சார்! இந்தச் சத்தம்தானா? இந்தக் கட்டடத்துல யாரோ மாட்டைப் போட்டு அடிக்கிறாங்கன்னு எங்களுக்குப் புகார் மேல புகார். நானே மொட்டை மாடி வரைக்கும் தேடிட்டுப் போனேன். மாடு கிடைக்கலை."

"இப்பக் கிடைச்சுடுச்சே" என்றாள் மனைவி.

அமீனா காதிலிருந்து விரலை எடுத்தார். "தொழில் கருவி இல்லைன்னு எழுதிக்கறேன் சார். இதை ஊதினா உங்களுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டாங்க. நிறுத்தினா வேணாக் கொடுப்பாங்க."

பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பின்னாலேயே போனேன். படிக்கட்டு நெடுகக் கட்டடமே திரண்டு நின்று கைதட்டியது. என் வாசிப்புக்குத்தான் என்று நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினேன். நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். எல்லோரும் அமீனாவைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா அவர் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டார்.

அன்று சாயந்திரம் வீடு வெறிச்சென்று இருந்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மனைவி டீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தவணை விஷயம் உனக்கு எப்பத் தெரியும்?"

"அது வீட்டுக்கு வந்த வாரமே தெரியும். உங்க முதலாளியைத் தெருவுல பார்த்தேன். உங்க சேவையைப் பாராட்டினதுக்கு நன்றி சொன்னேன். எந்தச் சேவைன்னு கேட்டார்."

டீயைக் கீழே வைத்தேன்.

"விடுங்க" என்று என் தலையைத் தடவினாள். "கடன் தொலைஞ்சுது. நிம்மதியாத் தூங்குங்க." சொல்லப்போனால் அன்றைக்கு நன்றாகத்தான் தூங்கினேன்.

சில நாள் கழித்து வேலை முடிந்து திரும்பினேன். கட்டடத்தில் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. படிக்கட்டில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே எங்கிருந்தோ ஒரு இசை. தேன் மாதிரி. நான் வாய் திறப்பதற்குள் குமாஸ்தா உதட்டில் விரலை வைத்தார். "ஷ்ஷ்! செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு மெதுவா ஏறுங்க சார்."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். இசை எங்கள் வீட்டிலிருந்து வந்தது. கதவைத் திறந்தால், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, என் சாக்ஸபோனை வாசித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"இது... எப்படி இங்க?"

"வாங்கிட்டேன். நீங்க வாசிச்சதை அமீனா கடைக்காரர்கிட்ட விவரமாச் சொல்லியிருக்கார். சாக்ஸபோன் ரிப்பேர்னு நினைச்சு, பாதி விலைக்கும் கீழ தள்ளி விட்டுட்டார். நீங்க கட்டாம விட்ட தவணையை விடக் கம்மி."

"நீ எப்ப வாசிக்கக் கத்துக்கிட்டே?"

"நீங்க கடைக்குப் போனதும். போன்ல பாடம் பார்த்துத்தான்."

பகலில் கேட்ட ரேடியோ. சாயந்திரம் ஈரமாக இருந்த ஊதுவாய். எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரவில்லை. என் மனைவி அவ்வளவு நன்றாக வாசித்தாள். சாக்ஸபோன் திரும்பி வந்துவிட்டது, கடனும் இல்லை. இன்னும் என்ன வேண்டும்?

"அந்தப் போலீஸ்காரர் வந்திருந்தார்" என்றாள். "ஸ்டேஷன் ஆண்டு விழாவுல நான் வாசிக்கணுமாம். அட்வான்ஸ் கூடக் கொடுத்துட்டுப் போனார்."

"பிரமாதம்! பிரமாதம்!" என்று குதித்தேன். "எங்க, கொடு இப்படி. ஆசைக்கு ஒரே ஒரு தடவை ஊதிட்டுக் கொடுத்துடறேன்." கையை நீட்டினேன்.

வெளியே படபடவென்று ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. மனைவி சாக்ஸபோனைப் பின்னால் மறைத்துக்கொண்டு, பொத்தான் டப்பாவையும் ஊசியையும் என் கையில் வைத்தாள்.

"கையை எடுங்க. அது தொழில் கருவி."