எட்டு போதும் என்ற நாரை

ஒரு காட்டில், ஆஸ்பத்திரியில் முதியோர்க்கென்று தனி வரிசை வந்த நாளிலிருந்து அதில் முதல் ஆளாக நின்ற கரடி ஒன்று இருந்தது. பெயர் ஏகாம்பரம். வரிசையில் முந்துவதற்கு வயதைச் சொல்ல அதற்குக் கூச்சமே கிடையாது.

டாக்டர் நாரை ரிப்போர்ட்டைப் பார்த்தது. "மூணு மாச சராசரி சுகர் ஏழரை. உங்க வயசுக்கு எட்டுக்குள்ள இருந்தா போதும். இதுக்கு மேல இறக்காதீங்க, மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

வேறு யாராவது என்றால் நாரையைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். ஏகாம்பரத்துக்கோ முகம் செத்துவிட்டது. கூட வாக்கிங் வரும் இளவட்டம், காட்டுப்பன்றி தணிகாசலத்துக்கு ஏழு என்று சொன்ன அதே நாரை, தனக்கு மட்டும் எட்டு என்கிறதே.

"டாக்டரம்மா என்னைக் கை கழுவிட்டாங்க" என்றது மனைவி வேதவல்லியிடம்.

"நல்லதுதானே சொல்லியிருக்காங்க. இன்னொரு இட்லி வைக்கட்டுமா?"

"கிழவனுக்குப் போடுற பாஸ் மார்க் எனக்கு வேண்டாம்."

அன்று முதல் மாத்திரை தவறவில்லை, சாப்பாடுதான் தவறியது. கை நடுங்கினால் குளிர் என்றது. வேர்த்தால் வெயில் என்றது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தபோது பருவநிலை கெட்டுவிட்டது என்றது.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டில் ஆறு வந்தது. மறுநாள் வாக்கிங்கில் அதை அறிவிக்க வாயைத் திறந்த ஏகாம்பரம், கண் இருட்டி, தணிகாசலத்தின் காலடியிலேயே குப்புற விழுந்தது. வேதவல்லி ஓடிவந்து உதட்டில் தேனைத் தடவியது. திட்டிக்கொண்டே தடவியது, அழுதுகொண்டே திட்டியது. உயிர் பிழைத்துவிட்டது. இடுப்பெலும்பு பிழைக்கவில்லை.

கட்டிலில் கிடந்தபடி ஏகாம்பரம் கேட்டது: "நம்பர் நல்லாயிருக்குல்ல?"

"நம்பர் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல" என்றது வேதவல்லி.

ஆனால் குப்புற விழுந்தும் ஏகாம்பரத்தின் மீசையில் மண் ஒட்டவில்லை. சாத்துக்குடியோடு பார்க்க வந்த தணிகாசலத்திடம் முதல் வேலையாக நம்பரைச் சொன்னது. தணிகாசலம் "ஆறா?" என்று இரண்டு முறை கேட்டது. பிறகு வேதவல்லி கொண்டுவந்த காப்பியைத் தொடாமலே எழுந்து போயிற்று.

நீதி: வயதுக்கேற்ற சர்க்கரையோடு நடமாடுகிறவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, வாலிபச் சர்க்கரையோடு படுத்துக் கிடப்பவரைப் பார்க்கக் காடே சாத்துக்குடியோடு வரும்.