முன் டயரைப் பாருங்க

நட்டு நகரவே இல்லை.

ஒரு வாரமாகக் காற்று கசிந்துகொண்டிருந்த, காரின் இடது முன்சக்கரம். தினமும் அதற்குக் காற்றடித்தே அவர் காலம் தள்ளிவிட்டார். இன்று விடிகாலையில் வேலைக்குக் கிளம்பிய மனைவி, குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்: "முன் டயரைப் பாருங்க."

பார்த்தே தீருவது என்று இறங்கிவிட்டார்.

"மாப்பிள்ளை, அந்த டயர்..." வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் ஆரம்பித்தார்.

"மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லாதீங்க, அத்தை. கருவிக் கடையில நின்னு ஊருக்கே சொல்லித் தர்றவன் நான். வெளியாள் கை இந்தச் சக்கரத்துல படக் கூடாது."

"அதுக்கில்லை..."

"கேளுங்க. இம்பாக்ட் டிரைவர், இம்பாக்ட் ரெஞ்ச், ரெண்டோட வயித்துக்குள்ளயும் ஒரு சுத்தியல் இருக்கு. திருகறப்போ இறுக்கம் எதிர்த்துச்சுன்னா, சுத்தியல் பின்வாங்கி, சுத்துற வாக்குலயே அடிக்கும். டக்டக்டக்! டிரைவருக்கு ஆறு மூலை வாய். அது திருகாணிக்கு. ரெஞ்சுக்குச் சதுர மூக்கு. அது நட்டுக்கு."

"இது நட்டுதானே?"

"நட்டுதான்."

"கையில இருக்கறது?"

"டிரைவர். நானே தேர்ந்தெடுத்தது. வாயில சதுர மூக்கு வைக்கிற அடாப்டர் மாட்டினா போதும்."

மாட்டினார். டிரைவர் கத்தியது. அடாப்டர் இரண்டாக ஒடிந்தது.

பக்கத்து வீட்டு மெக்கானிக் மதில் மேல் எட்டிப் பார்த்தார். "ரெஞ்ச் தரட்டுமா சார்?"

"நான் கேட்டேனா?"

இரண்டாவது அடாப்டரும் ஒடிந்து, அதன் துண்டு நட்டைக் கவ்வும் சாக்கெட்டுக்குள் சிக்கிக்கொண்டது. சாதா ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினார். ஸ்பேனர் வளைந்ததே தவிர நட்டு அசையவில்லை.

"மாப்பிள்ளை, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"தோத்தா போயிட்டேன்? இருங்க." மதில் பக்கம் கையை நீட்டினார். "கொடுங்க அந்த ரெஞ்சை. கருவிதான் வெளியாளோடது. கை என்னோடது."

ரெஞ்ச் நான்கு அடி அடித்ததும் முதல் நட்டு கழன்றது. பின்னாலேயே மற்றவையும். ஜாக்கியில் காரைத் தூக்கி, சக்கரத்தை உருவி, போரில் பறித்த கேடயம்போல மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, அத்தை!"

டிக்கியைத் திறந்தார். உள்ளே ஸ்டெப்னி, காற்றே இல்லாமல் சப்பையாகக் கிடந்தது.

"இதுவும் பஞ்சரா!"

மாமியார் கடைசித் துண்டை மடித்து வைத்தார்.

"அதுதான் உங்க ஓட்டை டயர், மாப்பிள்ளை. இப்ப நீங்க கட்டிப்பிடிச்சிட்டு இருக்கற ஸ்டெப்னியைக் காலையில அவளே மாட்டி, கழண்டுடக் கூடாதுன்னு ஸ்பேனர் மேல ஏறிக் குதிச்சு முடுக்கிட்டு, அந்த அழகைத்தான் பாருங்கன்னு எழுதிட்டுப் போனா."